மரமுண்டின் கதை

மரத்தைப் பற்றிப் பேசும்போது மனித உடலைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவது தமிழர் வழக்கம். மரத்திற்கு அடி உண்டு, தலை உண்டு, பட்டையாகிய தோல் உண்டு, இவை எல்லாவற்றுக்கும் உள்ளே வயிரம் உண்டு. எழுபது வயதிலும் கோல் ஊன்றாமல் வயலுக்கு நடந்து செல்லும் பெரியவரைக் கண்டால், "வைரம் பாய்ந்த கட்டை" என்று வியக்கிறோம். அகத்தே வயிரம் உடையது மரம் என்றும், புறத்தே வயிரம் உடையது புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பகுத்துரைத்தார். அப்பகுப்பின்படி தேக்கும் புளியும் மரம். தென்னையும் மூங்கிலும் புல். உளி பிடித்து மரத்தை உள்ளும் புறமும் அறிந்த மக்களிடையேதான் இத்தகைய பகுப்புத் தோன்ற முடியும்.

இவ்வளவு நுட்பமாக மரத்தை அறிந்த நாட்டில், மரத்தின் உறுப்புகளில் ஒன்றை மட்டும் பெரும்பாலோர் மதிப்பதில்லை. அதுதான் முண்டு. முதிய புளியமரத்தின் அடியிலோ, வேம்பின் இடையிலோ, கழலை போலப் புடைத்து நிற்கும் பகுதியை நீங்கள் கண்டிருப்பீர்கள். விறகு பிளப்பவன் அதைக் கண்டாலே முகம் சுளிப்பான். கோடரி அதில் பாயாது, பாய்ந்தால் மீளாது. பலகை அறுப்பவனும் அதை ஒதுக்குவான். ஆனால் கலைஞன் ஒருவன் அதனைப் பொறுமையோடு பதப்படுத்தி, கடைந்து, மெருகிட்டு வைத்துவிட்டால், அதற்கு நிகரான அழகு அந்த மரத்தின் வேறு எப்பகுதியிலும் இல்லை.

இந்த முண்டைத் தேடிய வரலாறும், அதனைப் பதப்படுத்திய வரலாறும் மனிதனின் இரண்டு குணங்களின் வரலாறு எனலாம். தேடியது ஆசை, பதப்படுத்தியது பொறுமை. ஆசை முந்திக்கொண்ட இடங்களில் மரமும் அழிந்தது, மலையும் மொட்டையாயிற்று. பொறுமை முந்திய இடங்களில் கலை வளர்ந்தது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை நடுவிடமாகக் கொண்டு இக்கதையைக் கூற விரும்புகிறேன். அதற்கான காரணம் போகப்போக விளங்கும்.

முதலில் முண்டு என்பது யாது என்று பார்ப்போம். பலகையில் நாம் காணும் கணு வேறு, முண்டு வேறு. கிளை ஒன்று தண்டினுள் வேர்கொண்டிருந்த இடமே கணு. முண்டு அவ்வாறன்று. பட்டையின் அடியில் வெளிவராத மொட்டுகள் பல உறங்கிக் கிடக்கின்றன. மரத்தில் காயம் பட்டாலோ, பூச்சியோ பூசணமோ தாக்கினாலோ, ஒரே இடத்தில் கிளையை மீண்டும் மீண்டும் கழித்தாலோ அம்மொட்டுகள் விழிக்கின்றன. விழித்தவை எல்லாம் கிளையாக நீள்வதில்லை. பல அங்கேயே மடிந்தும் திரும்பியும், ஒன்றை ஒன்று நெருக்கியும் கிடக்க, அவற்றைச் சுற்றி ஆண்டுதோறும் புதிய மரம் படிகிறது. இவ்வாறு பல ஆண்டுகள் வளர்ந்த புடைப்பே முண்டு. அதன் உள்ளே நார் நேராக ஓடுவதில்லை. சுழியாகவும் அலையாகவும் ஓடுகிறது. ஒவ்வொரு மொட்டும் ஒரு கண் போலத் தெரிகிறது. மரம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்ட வடுவே நாம் போற்றும் அழகு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இந்த அழகைக் கண்டு மயங்கியவர்களில் பழமையானவர்கள் ரோமர். வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைத்தொடரில் சைப்ரஸ் இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்று வளர்கிறது. அதனை ரோமர் சிட்ரஸ் என்று அழைத்தனர். நம் எலுமிச்சைக்கும் அதற்கும் உறவில்லை. அம்மரத்தின் வேரை ஒட்டி மண்ணுக்குள் பருக்கும் முண்டிலிருந்து அவர்கள் மேசைப் பலகைகள் செய்தனர். புலித்தோல் போன்ற வரிகளும், மயில் தோகை போன்ற கண்களும் உடைய மேசைகளுக்குச் செல்வர் போட்டியிட்டனர். பேச்சாளர் சிசரோ ஒரு மேசைக்கு ஐந்து இலட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்தார் என்று, கி.பி. 79-இல் மறைந்த பிளினி என்ற அறிஞர் எழுதியுள்ளார். அகஸ்டஸ் காலத்துப் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 900 செஸ்டர்ஸ். அக்கணக்கின்படி அவ்வீரன் ஐந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உண்ணாமல் உடுக்காமல் உழைத்தால்தான் அந்த ஒரு மேசையை வாங்கியிருக்க முடியும்.

பிளினி விலையை மட்டும் எழுதவில்லை. பதப்படுத்திய முறையையும் எழுதினார். மலைநாட்டு மக்கள் பச்சை முண்டின்மீது மெழுகு பூசி மண்ணில் புதைத்து வைப்பர். தச்சர்கள் அதனைத் தானியக் குவியலுக்குள் ஏழு நாள் வைத்து எடுத்து, ஏழு நாள் இடைவெளி விட்டு, மீண்டும் வைப்பர். இவ்வாறு செய்யும்போது அது இழக்கும் எடை வியப்பூட்டுவது என்கிறார் அவர். மெழுகு நீரை விரைந்து வெளியேற விடாது; தானியம் நீரை மெல்ல உறிஞ்சும். இன்றைய மரநூல் கூறும் விதியும் இதுவே. மரத்தின் நீரை வாங்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு வாங்கலாகாது.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்நாட்டில் அங்கோராரியஸ் என்று ஒரு மலை இருந்தது. புகழ்பெற்ற சிட்ரஸ் மரம் அனைத்தும் அங்கிருந்தே வந்ததாம். ஆனால் தம் காலத்திலேயே அங்கு மரம் தீர்ந்துவிட்டது என்று பிளினி குறிக்கிறார். முண்டைப் பதப்படுத்தும் பொறுமை ரோமரிடம் இருந்தது. மரம் வளரும்வரை பொறுக்கும் பொறுமை இல்லை. "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை" என்னும் நம் பழமொழிக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமோ?

அந்த ரோமரே மிளகைத் தேடி முசிறித் துறைக்குக் கப்பல் விட்டனர். மிளகு விளைந்தது மேற்குத்தொடர்ச்சி மலையில். அம்மலையின் கிழக்கு அடிவாரத்தில், தமிழகத்தின் பக்கம், ஆற்றுநீர் பாயும் நீண்ட சமவெளியாகக் கிடப்பதே கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. வடக்கே போடியும் தேனியும் பெரியகுளமும் இருக்கின்றன. 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து இப்பகுதி தேனி மாவட்டம் ஆயிற்று.

மரத்தை அறிய விரும்புபவனுக்கு இப்பள்ளத்தாக்கு ஒரு பள்ளிக்கூடம். மலைமேல் தேக்கு, வேங்கை, தோதகத்தி முதலிய வயிரமுள்ள மரங்கள். ஏலத்தோட்டங்களில் நிழல் மரங்கள். அடிவாரத்தில் இலவமும் மாவும். சமவெளியில் புளி, வேம்பு, வாகை. தோதகத்தியை ஈட்டி என்றும் கூறுவர். ஏலத்திற்கு அளவான ஒளி வேண்டும் என்பதற்காக நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது வழக்கம். கழித்த இடத்தில் தழும்பு புடைக்கிறது. சாலையோரத்துப் புளியமரங்களோ பலவகைத் துன்பங்களையும் கண்டவை. வண்டி மோதிய காயம், ஆணி அறைந்த காயம், கிளை முறிந்த காயம் ஆகிய அனைத்தும் அவற்றின் உடலில் முண்டாக எழுதப்பட்டுள்ளன. அவ்வழிகளில் நடக்கும்போதெல்லாம் அம்மரங்களை ஏடுகளைப் படிப்பது போல நின்று படித்திருக்கிறேன்.

நம் முன்னோர் முண்டைக் கொண்டு ரோமரைப்போல் அரண்மனை மேசை செய்தார்கள் என்று நான் கூற வரவில்லை. அவர்கள் அதன் அழகைவிட வலிமையையே பெரிதாக மதித்தனர். நார் பின்னிக் கிடக்கும் மரம் பிளவாது. ஆதலால் பிளவுபடக் கூடாத பொருள்களுக்கெல்லாம் அவ்வகை மரத்தையே நாடினர். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலே குடம் என்னும் உறுப்பு உண்டு. ஆரக்கால்கள் எல்லாம் அதில்தான் பாய்கின்றன; அச்சும் அதனுள்தான் சுழல்கிறது. சுற்றிலும் துளையிட்டும் பிளக்காமல் நிற்க வேண்டுமானால் அதற்கு நேர் நார் மரம் உதவாது. தச்சன் உளியைத் தட்டும் கொட்டாப்புளியும், இறைச்சி வெட்டும் கட்டையும் இத்தகையனவே. இறைச்சிக் கட்டைக்கு இன்றும் புளிய மரமே விரும்பப்படுகிறது. நாள்தோறும் வெட்டுப் பட்டும் சிதறாத உறுதி, அதன் முறுக்கு நாரில் இருக்கிறது.

இனிப் பதப்படுத்துதலுக்கு வருவோம். பச்சை மரம் என்பது நீர் நிறைந்த பாத்திரம். உலர்ந்த மரப்பொருளின் எடை எவ்வளவோ அதில் பாதியளவு நீர் பச்சை மரத்தில் இருப்பது இயல்பு. சில மரங்களில் நீரின் எடை மரத்தின் எடையையும் மிஞ்சும். இந்நீரில் ஒரு பகுதி நுண்ணறைகளின் குழிவில் நிற்கிறது; மற்றொரு பகுதி அறைச்சுவர்களுக்குள் ஊறி நிற்கிறது. குழிவில் உள்ள நீர் போகும்வரை மரம் சுருங்குவதில்லை. நீரின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர் நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரமும் சுருங்கத் தொடங்குகிறது.

அச்சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. நீளவாக்கில் மரம் சுருங்குவது மிகமிகக் குறைவு. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவது அதனினும் மிகுதி. ஆண்டு வளையங்களை ஒட்டிச் சுற்றுவாக்கில் சுருங்குவதோ அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அடிமரத்தை அறுத்து வெயிலில் போட்டால் நடுவிலிருந்து ஓரம்வரை வெடிப்பதற்குக் காரணம் இதுவே. நேர் நார் மரத்திலேயே இத்தனை தொல்லை என்றால், நார் நாற்புறமும் ஓடும் முண்டில் என்ன நேரும்? அதன் ஒரு பகுதி நீளவாக்காகவும், அடுத்த பகுதி சுற்றுவாக்காகவும் நடந்துகொள்கிறது. ஒன்று நிற்க ஒன்று சுருங்க, இழுபறி ஏற்படுகிறது. மெல்ல உலர்ந்தால் அவ்விழுபறியை மரமே தாங்கி வளைந்துகொடுக்கும். விரைந்து உலர்ந்தால் வெடிக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இவ்விடர் மிகுதி. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் வறண்ட வேகக் காற்றாக இறங்குகிறது. ஆனி ஆடி மாதங்களில் தேனி, ஆண்டிபட்டிப் பகுதிகளில் வீசும் காற்றை அறிந்தவர்கள், அங்குக் காற்றாலைகள் நிற்பதன் காரணத்தைக் கேட்கமாட்டார்கள். அந்தக் காற்றில் பச்சை முண்டைத் திறந்துவைத்தால், மேற்புறம் காய்ந்து இறுகும். உட்புறம் ஈரமாகவே இருக்கும். சில நாளில் பிளவு காணும். ஆதலால் இங்கே மரம் உலர்த்துபவனுக்கு வெயிலைவிடக் காற்றே பெரும்பகை.

இப்பகையை வெல்ல நாட்டுத் தச்சர்கள் கைக்கொண்ட முறைகள் எளியவை. அறுத்த முனைகளில் சாணத்தையும் மண்ணையும் குழைத்துப் பூசினர். நீர் பெரிதும் முனைகளின் வழியேதான் ஓடிவிடும் என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். நிழலில், தரையில் படாமல், கட்டைகளின்மேல் அடுக்கினர். குளத்திலும் ஊருணியிலும் மரத்தை மாதக்கணக்கில் ஊறப்போட்டனர். உலர்த்த வேண்டிய மரத்தை நீரில் போடுவது முரணாகத் தோன்றலாம். வெண்மரத்தில் உள்ள மாப்பொருளே புழுவை அழைக்கிறது. நீர் அந்த மாப்பொருளைக் கரைத்துக் கொண்டுபோகிறது. பின்னர் மரம் உலரும்போது ஓரளவு சீராகவும் உலர்கிறது. ஊறிய மரத்தைப் புழு எளிதில் அரிப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பொறுமைக்குச் சோதனை வந்தது. கப்பலுக்குத் தேக்கு வேண்டும். இரயில் பாதைக்குக் குறுக்குக் கட்டை வேண்டும். எந்திரத்திற்கு விறகு வேண்டும். மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் 1817-இல் கட்டப்பட்ட டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்றும் மிதக்கிறது. அவ்வளவு உறுதியான மரத்தைக் கொடுத்த காடுகள் அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை. பர்மாவில் தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே, அடியைச் சுற்றிப் பட்டையையும் வெண்மரத்தையும் வளையமாக வெட்டிவிடுவர். மரம் நின்ற நிலையிலேயே உயிர் நீத்து, நின்ற நிலையிலேயே உலரும். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. உலர்ந்த தேக்கு மிதந்து துறைமுகம் சேரும். இதுவும் ஒருவகைப் பதப்படுத்தலே.

காடு குறைவதைக் கண்டு அஞ்சிய அரசு, 1856-இல் கிளெக்ஹார்ன் என்ற மருத்துவரைச் சென்னை மாகாணத்தின் காடுகாப்பாளராக அமர்த்திற்று. அதற்கு முன்னரே 1840-களில் நிலம்பூரில் கனோலி என்ற கலெக்டரின் ஆதரவில், சாத்துமேனன் என்பவர் தேக்குத் தோட்டத்தை வளர்த்துக் காட்டியிருந்தார். 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. சூடும் ஈரமும் அளவாக அமைந்த அறைகளில் மரத்தை உலர்த்தும் முறை அங்கு ஆராயப்பட்டது. பாட்டனார் பூசிய சாணமும் பேரன் கட்டிய உலர்த்தும் அறையும் ஒரே விதியைத்தான் பின்பற்றின. நீர் போகட்டும், ஆனால் மெல்லப் போகட்டும் என்பதே அவ்விதி.

இக்காலத்தில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் தலைவிதியை மாற்றிய பெருஞ்செயல் நிகழ்ந்தது. மேற்கே ஓடிக் கடலில் வீழ்ந்த பெரியாற்று நீரைத் தடுத்துக் கிழக்கே திருப்ப, 1886-இல் திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 8,000 ஏக்கர் நிலம் அதில் அடங்கும். பென்னிகுயிக் என்ற பொறியாளரின் தலைமையில் 1887-இல் அணை வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் அமைந்த சுரங்கத்தின் வழியே நீர் இப்பள்ளத்தாக்கில் இறங்கி, சுருளியாற்றோடும் வையையோடும் கலந்தது. இன்று கம்பத்தில் இருபோக நெல் விளைவதும், கொடிமுந்திரி காய்ப்பதும் அந்நீரால்தான். பென்னிகுயிக்கின் படத்தை இப்பகுதி உழவர் வீடுகளில் மாட்டி வைத்திருப்பதில் வியப்பில்லை.

இந்தப் பெருஞ்செயலின் மற்றொரு பக்கத்தை மரத்தை நேசிப்பவன் மறக்க முடியாது. அணையின் பின்னே நீர் ஏறியபோது, பள்ளத்தில் நின்ற காடு மூழ்கியது. தேக்கடி ஏரியில் படகில் செல்பவர்கள் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். கிளையும் இலையும் இன்றிக் கருத்துப்போன மரத்தூண்கள் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு விரித்து வெயில் காய்கின்றன. அவை 1895-இல் மூழ்கிய காட்டின் எச்சங்கள். நூற்று முப்பது ஆண்டுகளாக அவை நிற்கின்றன. முதன்முறை அவற்றைக் கண்டபோது, நீரில் நிற்கும் மரம் ஏன் மக்கவில்லை என்ற கேள்விதான் என் மனத்தில் எழுந்தது.

அதற்கு விடை பதப்படுத்தும் கலையின் சாரமாகவே அமைந்துள்ளது. மரத்தை மக்கச் செய்வது நீர் அன்று, பூசணம். பூசணத்திற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுதும் நீருள் இருக்கும் மரத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. நன்கு உலர்ந்த மரத்தில் காற்று உண்டு, ஈரம் இல்லை. ஆதலால் இரண்டும் நெடுநாள் வாழும். ஈரமும் காற்றும் மாறிமாறிப் படும் நீர்மட்ட விளிம்பே மெலிவான இடம். அங்கும் வெண்மரம் எப்போதோ கரைந்துபோயிற்று. பூசணத்தை எதிர்க்கும் சத்துகள் நிறைந்த வயிரம் மட்டும் நிற்கிறது. அகக்காழ் என்று தொல்காப்பியர் குறித்ததன் பொருளை உரையாசிரியர்களைவிட அந்த ஏரித் தூண்கள் எனக்கு நன்றாக விளக்கின.

பள்ளத்தாக்கின் பசுமைக்கு விலையாக மலை ஒரு காட்டைக் கொடுத்தது. அந்த விலைச்சீட்டு இன்னும் நீரின்மேல் நிற்கிறது. நீர் வேண்டாம் என்று எவரும் கூறார்; 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தை அறிந்தவர்கள் கூறவே மாட்டார்கள். ஆயினும் கொடுத்தது இன்னதென்று தெரிந்திருப்பது பெற்றவனின் கடமை. 1934-இல் அவ்வேரியைச் சுற்றிய காடு விலங்குகளின் காப்பிடமாயிற்று. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. அந்தத் தூண்களில் எத்துணை அழகிய வரிகள் இருப்பினும், அவை பறவைகளின் உடைமை.

அப்படியானால் முண்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காட்டுக்குப் போகலாகாது என்பது முதல் விடை. உயிருள்ள மரத்தின் முண்டை அறுப்பது, ஆறிய புண்ணை மீண்டும் கீறுவதற்கு ஒப்பாகும். திறந்த காயத்தின் வழியே பூசணம் புகுந்து மரத்தையே கொல்லக்கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் செம்மரங்கள் உள்ளன. அவற்றின் அடிமுண்டில் உறங்கும் மொட்டுகளே மரம் வீழ்ந்தபின் புதிய கன்றாக முளைப்பவை. அம்முண்டுகளைத் திருடர்கள் இரவில் இரம்பத்தால் அறுத்துச் செல்வது பெருகியதால், 2014-இல் அங்குள்ள பூங்காச் சாலை ஒன்றை இரவு நேரங்களில் மூடவேண்டியதாயிற்று. அங்கோராரியஸ் மலையின் கதை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் முடியவில்லை. நம் நாட்டிலும் தோதகத்தியைக் காக்க 1994-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2017 முதல் அவ்வினம் முழுவதும் உலக வாணிப உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2021-இல் மேகமலைக் காடு திருவில்லிபுத்தூர்க் காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அங்கே விழுந்து கிடக்கும் ஒரு சுள்ளியும் நமக்கு உரியதன்று.

இரண்டாவது விடை இனியது. முண்டு நம் காலடியிலேயே கிடக்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது வீழும் புளியமரம், புயலில் சாய்ந்த தோட்டத்து வேம்பு, காய்ப்பு நின்று உரியவர் வெட்டும் மாமரம், பிடுங்கியெறியும் தேயிலைத் தூறு ஆகியவற்றிலெல்லாம் முண்டு உண்டு. நேரான பகுதி பலகைக்குப் போகிறது. முண்டுப் பகுதி முருட்டு விறகு என்ற பெயரில் செங்கற்சூளைக்குப் போகிறது. நூறு ஆண்டுகளாக ஒரு மரம் எழுதிய ஏட்டை ஒரே இரவில் எரித்துச் சாம்பலாக்குகிறோம். உரியவரிடம் கேட்டு, விறகு விலை கொடுத்து அதனை வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை சில. பட்டையை உரிக்க வேண்டா. அறுத்த முகத்தில் மட்டும் உருக்கிய மெழுகைத் தடிப்பாகப் பூசுங்கள். காற்று நேரே அடிக்காத நிழலில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். திங்கள்தோறும் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வாருங்கள். முதலில் எடை விரைந்து குறையும்; பின்னர் மெல்லக் குறையும்; இறுதியில் இரண்டு மூன்று திங்கள் ஒரே எடையாக நிற்கும். அன்றுதான் மரம் சுற்றியுள்ள காற்றோடு சமாதானம் செய்துகொண்டது என்று பொருள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது பழங்கணக்கு. கிண்ணம் கடைய விரும்பினால், பச்சையாக இருக்கும்போதே தடித்த சுவருடன் ஒருமுறை கடைந்து வைத்து, உலர்ந்து கோணியபின் மறுமுறை கடைந்து வட்டமாக்கலாம். பத்து அங்குல அகலக் கிண்ணத்துக்கு முதற்கடைசலில் ஓர் அங்குலச் சுவர் வேண்டும்.

இந்தப் பொறுமையின் உச்சத்தைக் காணவேண்டுமானால் தஞ்சை நாட்டு நரசிங்கம்பேட்டைக்குச் செல்லவேண்டும். அங்கு நாதசுரம் செய்பவர்கள் ஆச்சா மரத்தைக் கடைகிறார்கள். அவர்கள் நாடுவது புதிதாக வெட்டிய மரத்தை அன்று. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரத்தையும் தூணையும்தான். பல தலைமுறைகள் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய மரமே நாதத்தையும் தாங்கும் என்பது அவர்களின் அனுபவம். 2022-இல் அந்நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதற்காகக் காட்டில் ஒரு மரமும் புதிதாக வீழவேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் தெருவிலோ தோட்டத்திலோ ஒரு முதிய மரம் சாயும் நாள் வரும். அன்று அதன் அருகே சென்று, கோடரி ஒதுக்கிய முண்டு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அதில் மெழுகு பூசி, அன்றைய தேதியையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, நிழலில் வையுங்கள். நீங்கள் பள்ளியில் வைத்த முண்டு, கல்லூரியை முடித்து வரும்போது பதமாகி உங்களுக்காகக் காத்திருக்கும்.